சாய்த்துவைத்த கம்பி

நேற்று நீங்கள் வரவழைத்துக் கொடுத்த பிளேன்டீயில் சீனி கொஞ்சம் கூடிப்போயிருந்தது, மேடம். நான் சீனி போடாமல் குடிப்பவள். சொல்லக் கூச்சமாக இருந்ததால் முழுவதையும் குடித்துவிட்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். ஒருவரிடம் வாய் திறந்து ஒன்றைக் கேட்கவோ மறுக்கவோ எனக்கு வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். அதனால்தான் வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன். நீங்கள் தாளும் பேனையும் தந்தீர்கள். நன்றி.

என் பெயர் அழகர் கஜலட்சுமி. வயது இருபத்தாறு. வீடு கண்டியில், மஹய்யாவையில். அப்பா மாநகர சபையில் எழுதுவினைஞர். பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெற்று, பேராசிரியர் ஜனார்த்தனனிடம் ஆய்வு உதவியாளராக இருந்தேன்.

ஹேவாஹெட்டவுக்கு அப்பால் அந்தத் தோட்டத்தில், வியாழக்கிழமை காலை மண் சரிந்து பதினொரு பேர் இறந்த அன்று, கோவில் கூரையில் இருந்த சைரன் ஏன் ஒலிக்கவில்லை என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சிறியது. மேட்டில் மழையை அளந்துகொண்டிருந்த மழைப்பெட்டி அனுப்பிய செய்தி கீழே இருந்த சைரனுக்குப் போய்ச் சேரவில்லை. அதில் எனக்கு என்ன பங்கு என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

வேலா என்று ஒரு பல்சார் இருக்கிறது. வெடித்துப்போன ஒரு பெரிய நட்சத்திரத்தின் மிச்சம். குறுக்களவு கண்டியிலிருந்து கம்பளை போகும் தூரம்தான் இருக்கும். ஆனால் வினாடிக்குப் பதினொரு தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் ரேடியோ அலை ஒரு தடவை நம்மைத் தொட்டுவிட்டுப் போகும். அதைத்தான் துடிப்பு என்கிறோம். ஒரு துடிப்பு இன்னொன்றைப் போல இருக்காது. ஒன்று உயரமாக வரும், ஒன்று நொண்டும், ஒன்று வந்ததே தெரியாது. ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினால் மட்டும் எப்போதும் ஒரே வடிவம் வரும். அந்த வடிவம் அந்தப் பல்சாரின் முகம் மாதிரி. வேறு எதற்கும் அது இருக்காது.

நான் பார்க்க விரும்பியது அதற்கும் உள்ளே இருக்கும் ஒன்றை. அலைக்கு ஒரு திசை உண்டு. கயிற்றை மேலும் கீழுமாக ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம். வேலாவின் அலை ஒரு துடிப்பு முடிவதற்குள் அந்தத் திசையைச் சீராகத் திருப்பிக்கொண்டே போகிறது. அந்தக் கோணத்தை வரைந்தால், எஸ் எழுத்தை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தது போல ஒரு வளைவு வரும். முனைவாக்க வளைவு என்று எழுதுவோம். பெரிய நாடுகளில் இதை ஐம்பது வருடத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். மூன்று மீற்றர் டிஷ் ஒன்றால், நம் நாட்டிலிருந்து, நான் எடுக்க நினைத்தேன். முதல் தடவை திரையில் மங்கலாக அந்த வளைவு எழுந்து வந்தபோது நான் அழுதேன். பக்கத்தில் யாரும் இல்லை.

அந்த டிஷ் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் கழித்துவிட்ட ஒன்று. முதலில் குண்டசாலையில் பேராசிரியரின் மொட்டைமாடியில் வைத்தோம். தெருவில் ஒரு த்ரீவீலர் ஸ்டார்ட் ஆனாலே திரை முழுக்கக் கரகரக்கும். அதனால் மலைக்கு நடுவில், தெற்கு வானம் திறந்து கிடக்கும் இடமாகத் தேடி அந்தத் தோட்டத்தைப் பிடித்தோம். தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் கொழுந்து நிறுக்கும் பழைய மடுவம் ஒன்று பாழாய்க் கிடந்தது. தோட்ட நிர்வாகியான துரை அதைப் பயன்படுத்த அனுமதி தந்தார். டிஷ் அசையாது. வானம்தான் அதன் முன்னால் நகர்ந்து போகும். வேலா அந்த வழியாகக் கடந்துபோக ஒரு மணி நேரம் எடுக்கும். நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வரும். செப்டெம்பரில் காலை ஒன்பது மணிக்கு வந்தது ஒக்டோபர் கடைசியில் ஆறரைக்கு வந்துவிடும். ஒக்டோபர் முடிவதற்குள் சுத்தமான ஒரு வளைவை அனுப்பினால் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு இடம் உண்டு என்று பேராசிரியரின் நண்பர் எழுதியிருந்தார். ஒரே ஒரு படம். அவ்வளவுதான் கேட்டார்.

சுகிர்தாவை முதல் நாளே சந்தித்தேன். கீழ்க்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருப்பவள். முன்பள்ளி ஆசிரியை. டிஷ் வந்து இறங்கிய அன்று அவளும் அவள் அப்பா வீரையாவும் பார்க்க வந்தார்கள்.

"இது என்னாங்க மிஸ், இவ்வளவு பெரிய தாச்சி? வானத்துக்கு வடை சுடப் போறீங்களா?"

"அடியே, படிச்ச புள்ளகிட்ட என்னா பேச்சு இது" என்று வீரையா அவளை அதட்டினார். நான் இரண்டு வாக்கியத்தில் விளக்கினேன். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப நச்சத்திரத்துக்கு நாடி புடிச்சுப் பாக்குறீங்க. நம்ம நாடியயும் ஒருக்கா பாருங்களேன் மிஸ். வீட்டுக்காரி ஏசுறப்ப எகிறுது."

மழைப்பெட்டியைக் காட்டியதும் அவர்கள்தான். போன வருடம் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடிப்பு விட்டதால் ஒரு தொண்டு அமைப்பு வந்து வைத்துவிட்டுப் போனது. மடுவத்திலிருந்து இருபது நிமிடம் ஏறினால் ஒரு மேடு. அங்கே இரும்புக் கம்பத்தில் பெட்டி. பெட்டியின் தலையில் ஒரு முழத்துக்கும் குறைவான அன்டெனாக் கம்பி, நேராக நிற்கும். மழை இல்லாத நாளில் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை "உயிரோடு இருக்கிறேன்" என்று ஒரு செய்தி அனுப்பும். மழை பெய்தால், உள்ளே இருக்கும் சின்னக் கரண்டி நிறைந்து கவிழும் ஒவ்வொரு தடவையும் ஒரு செய்தி. மழை அளவு மீறினால் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்போது கீழே மாரியம்மன் கோவில் கூரையில் சைரன் கத்தும். செய்திகள் ஒழுங்காக வந்தால் கோவில் சுவரில் பச்சை விளக்கு, ஒரு மணி நேரம் எதுவும் வராவிட்டால் சிவப்பு. சிவப்புக்குச் சைரன் கிடையாது. போய்ப் பாருங்கள் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

கீழே இரண்டு லயம், இருபத்து நான்கு வீடு. சைரன் கத்தினால் எல்லோரும் ஏறி, மடுவத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும் பாடசாலைக்கு வர வேண்டும். சுகிர்தா செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு ஒத்திகை வைத்தாள். கையில் மணிக்கூட்டோடு நின்றாள். ஒன்பது நிமிடத்தில் கடைசி ஆள் வந்து சேர்ந்தார். கடைசி ஆள் அவள் அம்மா பாலம்மாதான். முழங்கால் வலியோடு கோழிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, ஒங்க கோழிக்குத் தனியா சைரன் அடிக்கணுமா?"

"முட்ட திங்கிறப்ப மட்டும் இனிச்சிச்சோ ஒனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டமாக நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்தார்கள், சொந்தக்காரர்களுக்குப் பேசினார்கள். அந்தக் கைத்தொலைபேசிகளின் அலையால் அன்று எனக்கு நாற்பது நிமிடத் தரவு வீணாகியது. நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியின் அலைவரிசை நான் கேட்கும் அலைவரிசைக்கு மிக அருகில் இருந்தது. அதன் கம்பி நேராக நின்றதால் அலையும் முழுக்க மேலும் கீழுமாகவே அசையும். என் டிஷ்ஷில் இரண்டு வாங்கிகள், ஒன்று நிற்கும் அலைக்கு, மற்றது படுக்கும் அலைக்கு. பெட்டியின் அலை முதலாவதில் மட்டும் புகுந்து கூட்டலைக் கெடுத்தது. வளைவின் நடுவில், அது மிக அழகாகத் திரும்ப வேண்டிய இடத்தில், ஒரு முடிச்சு விழும். குறுக்கீடு வரும் வினாடிகளை வெட்டி எறிந்துவிடலாம் என்று பேராசிரியர் சொன்னார். வெட்டினேன். ஆனால் மழை தொடங்கியதும் கரண்டி நிமிடத்துக்கு ஒரு தடவை கவிழ்ந்தது. சில நாட்களில் பாதித் தரவை வெட்ட வேண்டி வந்தது.

பெட்டியை வேறு அலைவரிசைக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொன்னீர்கள். கேட்டிருக்கலாம். தொண்டு அமைப்பின் தொலைபேசி எண் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. இரண்டு தடவை எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்பே வெட்டிவிட்டேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவது எனக்குக் கஷ்டம் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறேன்.

நான் எதையும் உடைக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த வயரையும் அறுக்கவில்லை, எதையும் நிறுத்தவில்லை. கம்பியின் அடியில் ஒரு நட் இருக்கிறது. அதைக் கையால் தளர்த்தலாம். செப்டெம்பர் ஒன்பதாம் திகதி அதைத் தளர்த்தி, கம்பியைப் படுக்கையாகச் சாய்த்து, அதன் நுனி என் டிஷ்ஷைப் பார்க்கும்படி திருப்பி, மறுபடி இறுக்கினேன். ஒரு கம்பியின் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் அது ஏறக்குறைய எதையும் அனுப்பாது. இது முதலாம் வருடப் பாடம். கீழே இறங்கி வந்து பார்த்தேன். திரையில் பெட்டியின் செய்திகள் தூசி மாதிரி மங்கிப்போயிருந்தன. அன்றைய வளைவில் முடிச்சு இல்லை.

படுத்த கம்பி அனுப்பும் அலையை நின்ற கம்பி சரியாக வாங்காது என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. சைரனின் கம்பி நின்றுகொண்டிருந்தது. தெரியாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டேன். காய்ந்த நாளில் மயிரிழையில் போய்ச் சேரும். இடையில் இருக்கும் சவுக்கு மரங்கள் நனைந்தால் சேராது. ஒரு மணி நேரம்தானே என்று நினைத்தேன். முதல் வாரம் முழுவதும் அவதானிப்புக்கு முன் ஏறிச் சாய்ப்பேன், முடிந்ததும் ஏறி நிமிர்த்துவேன். ஒரு தடவைக்கு நாற்பது நிமிடம். அட்டை கடித்துக் காலுறை இரத்தமாகிவிடும். பதினைந்தாம் திகதி மழை தூறியது. நிமிர்த்தப் போகவில்லை. அதற்குப் பிறகு அது சாய்ந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமைகளைத் தவிர.

வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு முன் சைரனைச் சோதித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். ஒருவர் மேட்டுக்கு ஏறிப் பெட்டியில் சோதனைப் பொத்தானை அமுக்குவார். சுகிர்தா கோவிலில் நின்று கேட்பாள். சைரன் ஒலித்தால்தான் ஐயர் தீபத்தை எடுப்பார். வீரையாதான் ஏறிக்கொண்டிருந்தார். அவருக்கு மூச்சு வாங்கும். நான் மேலேதானே இருக்கிறேன், இனி நானே அமுக்குகிறேன் என்று சொன்னேன். அவர்களுக்குச் சந்தோஷம். பாலம்மா அன்று எனக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தனுப்பினார்.

ஆறு வெள்ளிக்கிழமை அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் முதலில் கம்பியை நிமிர்த்தினேன். கீழே சைரன் ஒலிப்பது மேட்டில் எனக்கே கேட்கும், பின்னால் கோவில் மணியும் கேட்கும். பிறகு சாய்த்துவிட்டு இறங்குவேன். ஏமாற்று வேலை என்று நீங்கள் சொன்ன சொல்லைப் பற்றி இரவெல்லாம் யோசித்தேன். நான் அப்படிப் பார்க்கவில்லை. சோதிக்க வேண்டியது கருவியை. கருவியை அதன் சரியான நிலையில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். கருவி ஒவ்வொரு தடவையும் நன்றாக வேலை செய்தது. பதிவேட்டில் சரி என்று போட்டேன். அது உண்மை.

மழை வலுத்ததும் கோவிலில் சிவப்பு எரிய ஆரம்பித்தது. சுகிர்தா உடனே என்னோடு தொலைபேசியில் பேசினாள்.

"கஜா, செவப்பு எரியுதுடி. நா மேல ஏறிப் பாக்கட்டா?"

"வேணாம் சுகி. மழைக்கு ஈரம் ஏறினா அப்பிடித்தான். காஞ்சா சரியாயிரும்."

"நெசமாவா? அப்பாவுக்கு மனசு கேக்கல. பின்சுவருல தண்ணி கசியுதுன்னு பெனாத்திக்கிட்டே இருக்காரு."

"நான்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பாக்குறேனே."

"அதான பாத்தேன். நீ இருக்கிறப்ப எங்களுக்கு என்னா பயம்?"

மழை விட்ட பகல்களில் விளக்கு பச்சைக்குத் திரும்பியது. அதனால் நான் சொன்னது சரியாகவே இருந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு சிவப்பு எரிந்தால் யாரும் எனக்குப் பேசுவதில்லை. "ஈரந்தான்" என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஒக்டோபரில் வேலா விடியற்காலைக்கு வந்துவிட்டது. கண்டியிலிருந்து அந்த நேரத்துக்கு வந்து சேர பஸ் இல்லை. சுகிர்தா தன் வீட்டில் தங்கச் சொன்னாள். ஒரே அறை, ஒரு குசினி. அவளும் நானும் ஒரு பாயில் படுத்தோம். வெள்ளியிரவு மட்டும் மஹய்யாவைக்குப் போய் வருவேன். இதை என் தரப்பில் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்து என்று நினைத்திருந்தால் அந்த லயத்திலேயே நான் தூங்கியிருப்பேனா?

கடைசி இரண்டு இரவும் அங்கே தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் பெரிய மழை தொடங்கியது. பாயையும் பெட்ஷீற்றையும் எடுத்துக்கொண்டு மடுவத்துக்குப் போய்விட்டேன். ஏன் என்று கேட்டீர்கள். விடியக்காலையில் சேற்றில் ஏறுவது சிரமம் என்று சுகிர்தாவிடம் சொன்னேன். உங்களிடமும் அதையே சொல்கிறேன்.

வியாழக்கிழமை ஆறு பத்துக்குப் பதிவைத் தொடங்கினேன். மழை பல்சாரின் அலையைத் தடுக்காது. மேகமும் தடுக்காது. சொல்லப்போனால் அது மிக நல்ல காலை. இடி இல்லை. ரோட்டில் வாகனம் இல்லை. காலையில் பேர் பதியும் பிரட்டுக்குக்கூட ஆட்கள் வரவில்லை. துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தன. முகம் தெளிந்து வந்தது. திரையின் ஓரத்தில் பெட்டியின் செய்திகள் மங்கலான புள்ளிகளாக ஓடின. நெருக்கமாக, மேலும் நெருக்கமாக. ஆறு முப்பத்தாறுக்குப் புள்ளிகள் சேர்ந்து ஒரு கோடாயின.

அந்தக் கோடு என்னவென்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியை என்னைப் போல அறிந்தவர் அந்தத் தோட்டத்தில் இல்லை. பெட்டி நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கோவிலில் சைரன் கத்தவில்லை. கத்தியிருந்தால் மடுவத்தில் கேட்டிருக்கும். ஈரத்தில் பெட்டிக்குப் பைத்தியம் பிடித்திருக்கலாம் என்று உங்களிடம் முதல் நாள் சொன்னேன். அப்படி நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்கலாம் என்று நினைத்தேன்.

கோடு மிக மெல்லியது. அந்த ஒரு அலைவரிசைத் துண்டைத் தேர்ந்து, குறுக்கீடு என்று குறித்து, வெட்டினேன். வளைவில் அது எந்த அடையாளத்தையும் விடவில்லை.

ஏழு மணி ஆறு நிமிடத்துக்குத் தரை அதிர்ந்தது. பெரிய லொறி ஒன்று கல் கொட்டுவது போல ஒரு சத்தம், அது நின்ற பிறகு கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். டிஷ் அசைந்துவிட்டதால் கடைசி நான்கு நிமிடத்தைக் கூட்டலில் சேர்க்கவில்லை.

பிறகு மேட்டுக்கு ஏறிக் கம்பியை நிமிர்த்தினேன். கீழே போகும் முன் அதைத்தான் முதலில் செய்தேன். நட்டில் புதிதாகத் தேய்ந்த தடங்கள் இருப்பதை உங்கள் ஆட்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது என் விரல்களின் வேலைதான்.

சுகிர்தா உயிரோடு இருந்தாள். பிள்ளைகள் வந்தாலும் வருவார்கள் என்று ஆறு மணிக்கே முன்பள்ளியைத் திறக்கப் போயிருந்தாள். நான் இறங்கிப் போனபோது இரண்டில் மேல் லயம், அவர்கள் வீடு இருந்த லயம், இருந்த இடத்தில் நின்று கையால் சேற்றைத் தோண்டிக்கொண்டிருந்தாள். நகத்தில் இரத்தம். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொட்டி ஏன் கத்தல கஜா?"

"பார்க்கணும்" என்று சொன்னேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தோண்டப் போனாள். நானும் அவளோடு தோண்டினேன். பாலம்மாவைப் பத்தரை மணிக்கு எடுத்தோம்.

அந்த வாரமே மூலப் பதிவு முழுவதையும் நான் உங்களிடம் ஒப்படைத்தேன். அழித்திருக்கலாம். ஒரு விசை போதும். ஆனால் மூலத் தரவை அழிப்பது எங்கள் துறையில் மன்னிக்க முடியாத காரியம். உங்கள் நிபுணர் அந்தக் கோட்டைக் கண்டதும் அதனால்தான். நான் மறைக்கப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. என் கைத்தொலைபேசியில் அன்று காலை ஆறு நாற்பத்தெட்டுக்கு ஐம்பத்தொரு வினாடி ஒரு அழைப்பு இருக்கிறது. அதை நீங்கள் நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். அதை இங்கே எழுதுகிறேன்.

ஆறு நாற்பத்தாறுக்கு மின்சாரம் நின்றது. என் கருவிகளுக்குப் பற்றரி உண்டு. ஆனால் தேயிலைத் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் போடுவார்கள். போட்டால் என் திரை குண்டசாலை மாதிரி ஆகிவிடும். தொழிற்சாலைக் கிளாக்கர் அஜந்தனின் எண் பேராசிரியர் எழுதித் தந்த தாளில் இருந்தது. அவரோடு நான் அதற்கு முன் பேசியதே இல்லை. எடுத்துப் பேசினேன். ஏழு பத்து வரைக்கும் ஜெனரேட்டரைப் போட வேண்டாம் என்று கேட்டேன்.

"வாட்டத்துல கொழுந்து காயப் போட்டுக் கெடக்கு மிஸ், தொர ஏசுவாரு. சரி, அது கெடக்கட்டும். வீரையாண்ணே இங்கதான் நனஞ்சு போய் நிக்கிறாரு. கோவில்ல செவப்பு எரியுதாம். லயத்துக்குப் பின்னால தண்ணி செம்மண்ணாட்டம் கலங்கி வருதாம். மேல பொட்டி ஏதும் சொல்லுதான்னு ஒங்ககிட்டக் கேக்கச் சொல்றாரு. ஆளுங்கள எழுப்பிப் பாடசாலைக்கு ஏத்திரவான்னு கேக்குறாரு."

திரையில் கோடு அறாமல் ஓடிக்கொண்டிருந்தது. இருபத்து நான்கு வீட்டு ஆட்களும் மடுவத்துக்குக் கீழே வந்து நின்று, ஒத்திகையில் செய்தது போல ஒரே நேரத்தில் கைத்தொலைபேசிகளை எடுப்பதை நினைத்துப் பார்த்தேன். அதை யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

"பெட்டி ஒண்ணும் சொல்லல" என்றேன். "மழைக்கு ஈரம் ஏறினா சிவப்பு எரியும். காஞ்சா சரியாயிரும். எழுப்ப வேணாம்னு சொல்லுங்க. ஜெனரேட்டர மட்டும் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க."

அஜந்தன் அதைத் திரும்பச் சொல்வது கேட்டது. அதற்குப் பின்னால் வீரையாவின் குரலும் கேட்டது.

"மிஸ்ஸே சொல்லிட்டாங்கல்ல. அப்ப சரி. நா போயி அந்தக் கெழவிக்குத் தேத்தண்ணி வெக்கிறேன்."

அவர் குடையை விரித்துக்கொண்டு லயத்துக்கு இறங்கிப் போனார் என்று அஜந்தன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது சரியாகத்தான் இருக்கும். நான் திரைக்குத் திரும்பினேன். வளைவு ஏறக்குறைய முடிந்திருந்தது. இன்னும் இருபத்திரண்டு நிமிடம்தான் எனக்கு வேண்டியிருந்தது.